வீட்டு டேட்டாபேஸ் சர்வருக்கு ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வெளியிலிருந்து கனெக்ட் ஆகவில்லை. எங்கே தப்பு?

ரூட்டரை மறுபடி நோண்டும் முன் ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஒன்று இருக்கும் (ஸ்கூல் வேன் இல்லை, ரூட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் இணைய முகவரி). அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் 'என் ஐபி என்ன' என்றும் தேடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் உங்கள் ஃபார்வர்டிங் ரூல் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டில் எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி) எவ்வளவு சரியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இது தெரியாமல் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். வீடு கொளத்தூர், அப்பாவின் பெயின்ட் கடை புரசைவாக்கம். வீட்டில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டு ஸ்டாக் கணக்கை ஏற்றினேன். கடையிலிருந்து அப்பா பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ரூட்டரில் மைஎஸ்க்யூஎல்லின் போர்ட்டான 3306-ஐத் திறந்து, டெஸ்க்டாப்பின் உள் ஐபியான 192.168.1.10-க்குத் திருப்பிவிட்டேன். வீட்டில் ஜோராக ஓடியது, கடையில் ஒன்றும் வரவில்லை. ரூலை அழித்து அழித்து எழுதினேன். ஃபயர்வாலை அணைத்தேன். ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்ததில் வைஃபை பாஸ்வேர்டு போய், அம்மாவின் சீரியல் நின்று, அது தனிப் பஞ்சாயத்து.

இரண்டாவது ஞாயிறு மாலைதான் வேன் ஐபி கண்ணில் பட்டது. 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இன்டர்நெட் கம்பெனிகள் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்வதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் ஒரு பப்ளிக் ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகிறார்கள். இதற்குப் பெயர் சிஜிநாட். ஃபிளாட் கதவைத் திறந்து வைத்துவிட்டு, கீழே கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம் சொல்லாமல் விட்ட கதை. அந்த வாட்ச்மேன் நம் பேச்சைக் கேட்கவும் மாட்டார். லைன் பார்க்க வரும் அண்ணனுக்கு போன் செய்தேன். "ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத சொந்த ஐபி, தனியா எடுக்கணும் சார், மாசா மாசம் காசு கட்டணும்" என்றார்.

வேன் ஐபி 192.168 என்று ஆரம்பித்தால், பெரும்பாலும் ஃபைபர் கொண்டுவரும் பெட்டியே ஒரு ரூட்டராக வேலை செய்து, அதன் பின்னால் உங்கள் ரூட்டர் மாட்டியிருக்கும். பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டுவிட்டு லைனை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால் இரண்டிலும் ரூல் போடுங்கள்.

இரண்டு ஐபியும் ஒன்றாகவே இருக்கிறதா? அப்படியானால் என்ன எர்ரர் வருகிறது என்று படியுங்கள். முக்கால்வாசிப் பேர் "கனெக்ட் ஆகல" என்று மட்டும்தான் சொல்வார்கள். 'டைம்டு அவுட்' என்றால் பாக்கெட் (நாம் அனுப்பிய தகவல் துண்டு) வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது: ஃபயர்வால், அல்லது டெஸ்க்டாப்பின் உள் ஐபி மாறி ரூல் வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ரூட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (ஒரு கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே ஐபி தரும் செட்டிங்) போட்டு உள் ஐபியை நிலையாக்குங்கள். 'ரெஃப்யூஸ்டு' என்றால் பெரும்பாலும் நல்ல செய்தி, பாக்கெட் வீடு வரை வந்துவிட்டது. டேட்டாபேஸ்தான் 127.0.0.1-ல், அதாவது அதே கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருவதற்கு மட்டும், காது கொடுத்துக் கேட்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் பைண்ட் அட்ரஸ், போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் லிசன் அட்ரஸஸ் என்ற வரியைப் பாருங்கள். போஸ்ட்கிரஸ்ஸுக்கு யார் எங்கிருந்து வரலாம் என்ற பட்டியல் கோப்பு தனியாக உண்டு, அதையும் திருத்த வேண்டும். மைஎஸ்க்யூஎல் 1130 என்ற எர்ரர் எண்ணைக் காட்டித் திட்டினால் நெட்வொர்க்கில் குறையே இல்லை. அந்த யூசருக்கு வெளியிலிருந்து வர அனுமதி தரவில்லை, அவ்வளவே.

சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டுக்குள் இருந்தபடியே வெளி ஐபியைக் கூப்பிட்டால் பல ரூட்டர்கள் திருப்பி அனுப்பாது. சரியாக இருப்பதைத் தப்பு என்று நினைத்து மறுபடி ரூலை அழிப்பீர்கள்.

ஆனால் ஒன்று. இவ்வளவும் சரியாகி 3306 வெளியே தெரிந்தால், அதைத் தட்டிப் பார்க்கும் ஆட்கள் உங்களுக்கு முன்பே வந்துவிடுவார்கள். 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்களை ஆயிரக்கணக்கில் அழித்துவிட்டு, பிட்காயின் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அப்பாவின் ஸ்டாக் கணக்கை யார் திருடப்போகிறார்கள் என்று நானும் நினைத்தேன். தட்டுவது மனிதர் இல்லை, ஸ்கிரிப்ட். அதற்குப் பெயின்ட் கடை, பேங்க் என்ற பேதமெல்லாம் தெரியாது.

பப்ளிக் ஐபி இருந்தால் டேட்டாபேஸ் போர்ட்டை மூடிவிட்டு வயர்கார்டு என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய தனி வழி) போடுங்கள். வழக்கமாக யூடிபி 51820 என்ற ஒரு போர்ட் மட்டும் திறந்தால் போதும். சிஜிநாட்டில் மாட்டியிருந்தால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை. அது உள்ளிருந்து வெளியே போய் இணைவதால் ரூட்டரைத் தொடவே வேண்டாம். அதுவும் 100 என்று ஆரம்பிக்கும் ஐபிதான் தரும், பார்த்துக் குழம்பாதீர்கள். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஸ்டேடிக் ஐபிக்குக் காசு கட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி "டேய், வரலடா" என்று கடையிலிருந்து அப்பாவின் போன். நெட்வொர்க்கை எல்லாம் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், மதியம் கரண்ட் போய் வந்திருக்கிறது. ரூட்டர் தானாக எழுந்துகொண்டது, டெஸ்க்டாப் எழவில்லை. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கக்கூடிய அடிப்படை செட்டிங் பக்கம்) கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும் செட்டிங் ஒன்று இருக்கும். அதையும் இன்றே போட்டுவிடுங்கள்.