பிப்ரவரியில் கென்யா போகலாமா?

வணக்கம் நண்பரே. திருமண நாளுக்கு பிப்ரவரியில் ஏழு நாள் கென்யா, மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் வில்டபீஸ்ட் (மாடு போலத் தெரியும் பெரிய மான் வகை) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும், அப்புறம் கடற்கரை என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரைதான். பிப்ரவரியில் கூட்டம் தான்சானியா பக்கம் கன்று ஈன்றுகொண்டிருக்கும்.

தேதியை மாற்ற முடியாதா? சரி, கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவில் மூன்று இரவு தங்குங்கள். விடியற்காலையில் கிளிமஞ்சாரோவின் பனி பளிச்சென்று தெரியும், அடிவாரப் புல்வெளியில் யானைகள் வரிசையாக நடக்கும். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும், அதனால் தூக்கத்தைத் தியாகம் செய்யத்தான் வேண்டும்! மீதி நாளுக்கு டயானி கடற்கரை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டு, சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். இந்தியா திரும்பும்போது கேட்பார்கள்.