சிலிண்டரைத் திருப்பி அனுப்பிய பெண்

மதுரை செல்லூரில் தறி வைத்திருப்பவர், மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, பிளஸ் டூ முடித்த மகளோடு என்னிடம் வந்தார். நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாமாம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க மைத்துனர் ஏற்பாடு செய்கிறாராம். பத்து நிமிடம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என் பிழை.

ஐயா, பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். வட்டி கட்டப் போவது மைத்துனர் அல்ல.

மகளைப் பற்றி நீங்கள் குறையாகச் சொன்ன ஒன்றைத்தான் நான் குறித்துக்கொண்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரோடு சண்டை போட்டாளாம். வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் 'பி-25' (பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை) என்று இருந்ததைப் பார்த்து, 2025 ஜூனோடு சோதனைக் கெடு முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்தக் கண்ணுக்குச் சம்பளம் தரும் துறை ஒன்று உண்டு: கப்பல் வடிவமைப்புப் பொறியியல். பதற வேண்டாம், அவளைக் கடலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. வரைபடமும் ஆய்வும்தான் வேலை.

2050 வாக்கில் கப்பல்கள் வெளியிடும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் நிகர அளவைப் பூஜ்யமாக்கச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வைத்தது. அதனால் எரிபொருள் மாறுகிறது, ஆபத்தும் மாறுகிறது. கப்பல் எண்ணெயின் ஆவி 60 டிகிரிக்குக் கீழே தீப்பற்றக் கூடாது என்பது பழைய விதி. மெத்தனால் ஆவியோ சுமார் 12 டிகிரியிலேயே பற்றும்; நம் ஊர் மார்கழி விடியலே அதைவிடச் சூடு! பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. அம்மோனியா எளிதில் எரியாது, ஆனால் நச்சு.

இத்தகைய எரிபொருள்களுக்கான ஐஜிஎஃப் விதித்தொகுப்பு 2017இல் நடைமுறைக்கு வந்தது. இயந்திர அறைக்குள் போகும் எரிவாயுக் குழாயைச் சுற்றி, கசிந்தால் வெளியே பரவாமலிருக்க, இன்னொரு குழாய்; நடுவில் மணிக்கு 30 முறையாவது காற்று மாற வேண்டும், அல்லது தீப்பற்ற விடாத மந்த வாயு அழுத்தத்தோடு நிற்க வேண்டும். மெத்தனாலுக்கு 2020இலும் அம்மோனியாவுக்கு 2024 டிசம்பரிலும் வந்தவை இடைக்கால வழிகாட்டல்களே. எழுதி முடியாத விதிகள், ஐயா. படித்துப் புரிந்துகொண்டு, வரைபடத்தில் பிழை பிடிக்க ஆள் வேண்டும். மும்பையில் உள்ள இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற வகைப்பாட்டு நிறுவனங்கள் செய்வது அதைத்தான். கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகைப் பிரதமர் 2024 பிப்ரவரியில் தொடங்கிவைத்தது வேறெங்குமில்லை, தூத்துக்குடியிலிருந்துதான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம், நுழைவுத்தேர்வு உண்டு, நன்கொடை கிடையாது. மாட்டுத்தாவணியில் 'கப்பலில் உடனடி வேலை' என்று சுவரொட்டி ஒட்டும் ஏஜெண்டுகளிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்றையும் மறைக்க மாட்டேன்: இடங்கள் குறைவு, நல்ல வேலைக்கு மேற்படிப்பும் தேவைப்படலாம்.

நான் பேசி முடித்ததும் உங்கள் மகள் கேட்டது ஒரே கேள்வி: "30 முறை மாறியதா என்று யார் எண்ணுவார்கள்?"

அடுத்த வாரம் மைத்துனரையும் அழைத்து வாருங்கள். பத்திரம் வேண்டாம்.