மல்லாட்டை வேரில் முடிச்சு வெள்ளையாக இருக்கிறதே, பொட்டலம் போலியா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "ஒன்றரை ஏக்கர் கொல்லையில் ஆடிப்பட்டத்துக்கு மானாவாரியாக மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். எருவைத் தவிர அடியுரம் எதுவும் போடவில்லை. விதைப் பருப்பில் கார்பெண்டசிம் (பூஞ்சணக்கொல்லி) கலந்த கையோடு ரைசோபியம் (வேரில் முடிச்சு கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குத் தரும் பாக்டீரியா) இரண்டு பொட்டலமும் கலந்து, தார்ப்பாயில் வெயிலில் உலர்த்தி விதைத்தேன். 20ஆம் நாள் நல்ல மழை. ஒரு மூட்டை யூரியா தூவினேன். இப்போது 35 நாள். மேட்டுப் பக்கம், சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) இருக்கும் இடத்தில், கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் நாலைந்து முடிச்சுதான் இருக்கிறது. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை. ரைசோபியம் பொட்டலம் போலியா? இன்னொரு மூட்டை யூரியா போடலாமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: யூரியா வேண்டாம். இந்தக் கொல்லையில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகத் தெரிகின்றன. யூரியா இரண்டையுமே மோசமாக்கும்.

மஞ்சளைப் பார்ப்போம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்றால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். செடி தன் பழைய இலையிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும் என்பதால் கொழுந்து கடைசிவரை பச்சையாக இருக்கும். உங்கள் செடியில் கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை, அதுவும் சுக்கான் உள்ள மேட்டில் மட்டும். இது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது கரையாத வடிவத்தில் கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. செடிக்குள் போன இரும்பும் பழைய இலையை விட்டு எளிதில் நகராது. அதனால்தான் புது இலை பட்டினி கிடக்கிறது.

முடிச்சு விஷயத்தில், பிடுங்கிப் பார்த்ததை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பிடுங்கும்போது பக்கவேர் அறுந்து, பல முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். மண் ஈரமாக இருக்கும் நாளில், வெவ்வேறு இடத்தில் பத்துச் செடிகளை மண்வெட்டியால் சுற்றிலும் ஒரு சாண் விட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு மண்கட்டியோடு தோண்டி எடுங்கள். வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அலசி எடுத்தால் மண் தானாகக் கரைந்து வேர் முழுசாகத் தெரியும். மேட்டில் ஐந்து, பள்ளத்தில் ஐந்து என்று எடுத்தால் உங்கள் கொல்லைக்கு ஒப்பிட வசதி.

வேரில் உருண்டையாகத் தெரிவதெல்லாம் முடிச்சும் இல்லை. விரலால் தள்ளினால் கடுகுபோல உதிர்ந்து வந்தால் அது ரைசோபியம் முடிச்சு. வேரே வீங்கிப் புடைத்து, பிய்த்தால் வேரும் சேர்ந்து கிழிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அதற்கு வைத்தியம் வேறு.

மல்லாட்டையில் முடிச்சு எங்கே வரும் என்பதற்கும் காரணம் உண்டு. பல பயறுச் செடிகளில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழைகிறது. மல்லாட்டையில் பக்கவேர் முளைத்து வரும்போது ஆணிவேரின் தோலில் உண்டாகும் வெடிப்பு வழியாக நுழைகிறது. ஆகவே முடிச்சுகள் பக்கவேர் கிளைக்கும் கணுக்களில், பெரும்பாலும் மேல்மண்ணில்தான் அடைந்திருக்கும். அந்த மேல் நான்கு விரல்கடை மண் காய்ந்துவிட்டால், பாக்டீரியா இருந்தும் நுழைய வழியிருக்காது. மானாவாரியில் விதைத்த பிறகு மழை தள்ளிப்போன ஆண்டுகளில் முடிச்சு குறைவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பெரிய முடிச்சுகளைப் பிளேடால் இரண்டாக அறுத்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்போ ரத்தச் சிவப்போ இருந்தால் அது வேலை செய்கிறது. அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் போலவே இரும்பைக் கொண்ட புரதம். காற்றிலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரஜனேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா உயிர்வாழ ஆக்சிஜன் வேண்டும். லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, பாக்டீரியாவுக்குத் தேவையான அளவு மட்டும் கொடுத்து, நொதியைக் காப்பாற்றுகிறது. அறுத்ததில் வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் முற்றவில்லை, அல்லது வேலை செய்யவில்லை. பச்சையோ பழுப்போ என்றால் அதன் காலம் முடிந்துவிட்டது. காய் முற்றும் பருவத்தில் பழுப்பு தெரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. 35ஆம் நாளில் தெரிந்தால்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் இரண்டு கோளாறும் ஒன்றைத் தொடுகின்றன. லெக்ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும், நைட்ரஜனேஸுக்கும் இரும்பு வேண்டும். மேட்டுச் செடிக்கு இரும்பு கிடைக்காதபோது இலை மட்டுமல்ல, முடிச்சும் சிறுத்து வெள்ளையாக நின்றுவிடுகிறது. பள்ளத்துச் செடியில் முடிச்சு சிவந்தும் மேட்டில் வெளுத்தும் இருந்தால், பொட்டலத்தின் மீது சந்தேகப்பட வேண்டியதே இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளைதான் என்றால், அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது அந்த ஒரு மூட்டை யூரியா.

மானாவாரி மல்லாட்டைக்குப் பரிந்துரை எக்டருக்கு 10 கிலோ தழைச்சத்து. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு அது 6 கிலோ, யூரியாவாகக் கணக்கிட்டால் சுமார் 13 கிலோ. ஒரு மூட்டை 45 கிலோ. மூன்று பங்குக்கு மேல் போட்டுவிட்டீர்கள். மண்ணில் விழுந்த யூரியாவை நுண்ணுயிர்களின் நொதி அம்மோனியாவாக உடைக்கிறது. பிறகு நைட்ரசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நம் பக்கத்துச் சூட்டில், ஈரமும் இருந்தால், இதெல்லாம் ஓரிரு வாரத்தில் நடந்துவிடும். வேரைச் சுற்றி நைட்ரேட் நிறைந்திருக்கும்போது செடி புது முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது, இருக்கும் முடிச்சுக்கும் சர்க்கரை அனுப்பாமல் சுருக்குகிறது. முடிச்சைப் பராமரிப்பது செடிக்குப் பெரிய செலவு. ஒரு மூலக்கூறு நைட்ரஜனைப் பிளக்க மட்டும் 16 ஏடிபி (உயிரணு ஆற்றலுக்குச் செலவிடும் மூலக்கூறு) செலவாகிறது. கையெட்டும் தூரத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது அந்தச் செலவைச் செடி செய்யாது. வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது அதைச் சுற்றியுள்ள மண்ணின் காரத்தன்மையும் கூடும், இரும்பு இன்னும் இறுகும். யூரியா இரண்டு கோளாறையும் மோசமாக்கும் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

இனி செய்ய வேண்டியது. மஞ்சள் கண்ட பகுதிக்கு இரும்பு சல்பேட் எனும் அன்னபேதியை 1 சதவீதக் கரைசலாகத் தெளியுங்கள். 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் அன்னபேதி, 10 கிராம் சிட்ரிக் அமிலம். முதலில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு அன்னபேதியைப் போடுங்கள். வாங்கும்போது வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருப்பிடித்ததுபோல் பழுப்பாகிவிட்டதை வாங்காதீர்கள், அதில் உள்ள இரும்பு இலைக்குப் பயன்படாத வடிவத்துக்கு மாறிவிட்டது. கரைத்ததை வைத்திருக்காமல் அன்றே, வெயில் தாழ்ந்தபின், இலையின் இருபுறமும் நனையத் தெளிக்க வேண்டும். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். பூச்சி மருந்தோடு சேர்க்க வேண்டாம். பத்து நாள் இடைவெளியில் மேலும் இரண்டு முறை. ஏற்கெனவே மஞ்சளான இலை முழுதாகத் தேறாமல் போகலாம், அடுத்து விரியும் கொழுந்தைப் பார்த்துத்தான் பலனைச் சொல்ல முடியும்.

முடிச்சுக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. மழையோடும் செடியோடும் நைட்ரேட் குறையக் குறைய, புதுப் பக்கவேர்களில் புது முடிச்சு வரும். மல்லாட்டை பூ கண்ட பிறகும் முடிச்சு கட்டிக்கொண்டே போகும் பயிர். 50ஆம் நாள் மறுபடி தோண்டி அறுத்துப் பாருங்கள். களை வெட்டி மண் அணைக்கும்போது ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ, செடியின் பக்கத்தில், ஈரம் இருக்கும்போது போடுவது வழக்கம்போலத் தொடரட்டும். அது காய்க்குக் கால்சியமும் கந்தகமும் தருவதற்கு. மஞ்சளுக்கு அது மருந்தாகாது. சுக்கான் மேட்டில் கால்சியம் ஏற்கெனவே மிகுதி என்பதால் அந்தத் துண்டுக்கு மட்டும் மண் பரிசோதனைக்குப் பிறகு முடிவுசெய்வது நல்லது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் மண் மாதிரி எடுக்கும் முறையிலிருந்து சொல்வார்கள். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒரே பையில் கலந்துவிடாதீர்கள்.

பொட்டலத்துக்கு வருவோம். போலியா என்பதைவிட, அதிலிருந்த உயிர் விதைக்கும் நேரத்தில் பிழைத்திருந்ததா என்று கேட்பதே சரி. ரைசோபியம் உரம் என்று விற்பது நிலக்கரித்தூள் போன்ற ஒரு பொடியில் ஏற்றிய உயிருள்ள பாக்டீரியா. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராம் பொடியில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். ஏக்கருக்கு 240 கிராம் போட்டால் 1,200 கோடி. ஏக்கருக்கான 50 கிலோ விதைப் பருப்பில் ஒன்றேகால் லட்சம் பருப்பு என்று வைத்தால், பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் செல். இவ்வளவு பெரிய விதைக்கு அந்த அளவு தேவைதான். ஆனால் கடைக்காரர் பொட்டலத்தை வெயில்படும் அலமாரியில், மே மாதச் சூட்டில் வைத்திருந்தால் இந்தக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். காலாவதித் தேதியைப் பாருங்கள், வாங்கியதை வீட்டில் நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உரமூட்டை, பூச்சி மருந்து இருக்கும் அறை வேண்டாம்.

நீங்கள் செய்ததில் இரண்டு இடத்தில் பாக்டீரியாவுக்கு அடி விழுந்திருக்கிறது. பூஞ்சணக்கொல்லியோடு ஒரே நேரத்தில் கலந்தது ஒன்று, வெயிலில் உலர்த்தியது இன்னொன்று. கழுத்தழுகலுக்குப் பயந்து கார்பெண்டசிம் கலப்பதென்றால் கிலோவுக்கு 2 கிராம் கலந்து, குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். மருந்து வேண்டாம் என்றால் டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் போதும். அதுவும் ரைசோபியமும் ஒத்துப்போகும். டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சணம் என்பதால் அதைப் பூஞ்சணக்கொல்லியோடு சேர்த்தால் இரண்டு காசும் வீண்.

கலக்கும் முறை: 200 கிராம் பொட்டலம் எக்டருக்கு மூன்று, உங்களுக்கு இரண்டு சரியான அளவு. உப்புப் போடாத அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, ஏக்கர் விதைக்கு அரை லிட்டருக்குள் எடுத்து, பொடியைக் குழப்புங்கள். கஞ்சி கூடினால் பருப்பின் செந்தோல் உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளந்துபோகும். அது முளைக்காது. கையால் தேய்க்காமல், சாக்கில் பரப்பி நான்கு முனையையும் இரண்டு பேர் பிடித்து உருட்டினால் எல்லாப் பருப்பிலும் பூச்சு ஏறும். நிழலில் அரை மணி நேரம் ஆறவைத்து அன்றே விதைத்துவிடுங்கள். மருந்து கலந்த விதைதான் கையில் இருக்கிறது என்றால், ரைசோபியத்தை விதையில் பூசாமல் மண்ணில் போடுவது மேல். ஏக்கருக்கு 4 பொட்டலத்தை 10 கிலோ மக்கிய எரு, 10 கிலோ மண்ணோடு கலந்து, விதைப்புக்கு முன் சாலில் தூவலாம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயறு வேர் முடிச்சிலிருந்து பெயரிங்க் என்ற டச்சு ஆய்வாளர் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தது 1888இல். அதைப் பொட்டலத்தில் அடைத்து விற்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது மண்ணில் இருக்கிறது. மல்லாட்டைக்கு முடிச்சு கட்டும் வகையே காராமணி, துவரை, பச்சைப்பயறு, உளுந்துக்கும் கட்டுகிறது. மல்லாட்டையும் ஊடுபயிராகத் துவரை, காராமணியும் தலைமுறைகளாக நிற்கும் வடஆற்காட்டுக் கொல்லைகளில் அந்தப் பாக்டீரியா ஏற்கெனவே ஏராளம். புதிதாகப் போடுவது அவற்றோடு போட்டியிட்டு இடம்பிடிக்க வேண்டும், பல நேரம் தோற்கும். அதனால் பழைய மல்லாட்டைக் கொல்லையில் பொட்டலத்தால் வரும் கூடுதல் லாபம் சிறியதாகவே இருக்கலாம். தொடர்ந்து நெல்லோ கரும்போ நின்ற நிலத்திலும், முதல்முறை மல்லாட்டை ஏறும் நிலத்திலும்தான் அதன் பலன் நன்றாகத் தெரியும். விலை குறைவு என்பதால் போடுவதில் தவறில்லை. ஆனால் முடிச்சு வராததற்குப் பொட்டலத்தை மட்டும் காரணமாகப் பிடித்துக்கொண்டு யூரியாவையும் சுக்கானையும் விட்டுவிடக் கூடாது.

உங்கள் கொல்லைக்கு அது தேவையா என்பதை அடுத்த பட்டத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். பள்ளத்துப் பக்கம் நான்கு சாலுக்கு ரைசோபியம் கலக்காத விதையை ஒதுக்குங்கள். கலந்த விதையைத் தொட்ட கை படாமல் அதை முதலில் விதைத்துவிடுங்கள், குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மற்ற உரமெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கட்டும். 45ஆம் நாள் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடி தோண்டி, முடிச்சை எண்ணி, அறுத்து நிறம் பாருங்கள். அறுவடையில் அந்த நான்கு சாலின் காயையும், பக்கத்து நான்கு சாலின் காயையும் தனித்தனியே காயவைத்து நிறுத்துப் பாருங்கள். எடை ஒன்றாகவே வந்தால் அடுத்த ஆண்டு பொட்டலத்துக்குச் செலவிடுவதை அந்தச் சுக்கான் மேட்டுக்கு எருவாகக் கொட்டலாம்.