ஏற்காட்டு டீக்கடையில் நண்பருக்குத் தனி டம்ளர்: நீங்கள் செய்யக்கூடியது

டீக்கடையில் உங்கள் தலித் நண்பருக்கு மட்டும் தனி டம்ளர் தருகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவரைக் கேளுங்கள். நாளைக்கும் அந்த ஊரில் நடமாட வேண்டியவர் அவர். அவர் சம்மதமில்லாமல் வீடியோ எடுத்துப் பரப்பவே கூடாது.

சம்மதித்தால், போலீஸ் புகாரில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, இரு தரப்பின் சாதி எல்லாம் இருக்கட்டும். சாதியை எழுதாமல் விட்டால் 1989 எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் போலீஸ் சேர்க்காமல் விட அது சாக்காகிவிடும். பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அந்தச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட்ஏ)-படி குற்றம்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றதற்கான ரசீது மட்டுமே, வழக்குப் பதிவு அல்ல) கொடுத்து 'பேசித் தீர்த்துக்கலாம்' என்பார்கள். புகார் சாவது அங்கேதான். அதே சட்டத்தின் பிரிவு 18ஏ-படி எஃப்.ஐ.ஆருக்கு (முதல் தகவல் அறிக்கை) முன் விசாரணை தேவையில்லை என்று நில்லுங்கள். மறுத்தால் சேலம் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். வன்கொடுமைப் புகார்களுக்கான உதவி எண் 14566. சாட்சியாக உங்கள் பெயரையும் எழுதுங்கள், தயங்காதீர்கள்.