கடை விலை கட்டுப்படி ஆகவில்லை, வீட்டிலேயே செய்யலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது, கணவருக்கு 37. அந்தரங்கத்தில் அவர் கையால் அடி வாங்குவது எனக்குப் பிடிக்கும், இருவரும் பேசி முடிவு செய்துதான் ஆரம்பித்தோம். ஆன்லைனில் சவுக்கு, அடிக்கும் மரப்பலகை எல்லாம் ஆயிரக்கணக்கில் விலை. மேஜையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தோம், இரண்டாவது அடியிலேயே உடைந்து தொடையைக் கீறிவிட்டது. குறைந்த செலவில் என்ன செய்வது? பக்கத்து அறையில் மாமியார் இருக்கிறார், சத்தமும் கேட்கக்கூடாது.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: முதலில், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை தோழி. வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் அடிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார், அதிலேயே ஒரு சோழ மன்னன் கலவியில் அடித்த அடியில் சித்திரசேனை என்ற கணிகை இறந்துபோனதையும் சொல்லி எச்சரிக்கிறார். ஆசையும் பழசு, ஆபத்தும் பழசு.

பிளாஸ்டிக் ஸ்கேல் இனி வேண்டாம். மூங்கிலும் வேண்டாம், வெடித்தால் ஓரம் பிளேடு மாதிரி. பிரம்பு உள்ளே கெட்டியானதுதான், ஆனால் மெல்லியது என்பதால் மொத்த வேகமும் ஒரு கோட்டில் இறங்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது இப்போது வேண்டாம்.

வாங்குவதென்றால் பாத்திரக் கடையில் அகலமான சிலிக்கான் கரண்டி. சுளீர் என்று எரியும், சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம், தோல் சவுக்கை அப்படிக் கழுவ முடியாது. மரக்கரண்டி என்றால் 120-ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, ஓரங்களை உருட்டித் தேய்த்துவிட்டு ஒரு பஞ்சை மேலே இழுத்துப் பாருங்கள், ஓர் இழை மாட்டினாலும் அங்கே சிலாம்பு இருக்கிறது, மறுபடி தேயுங்கள்.

சுளீர் வேண்டாம், தொம்மென்று இறங்க வேண்டும் என்றால் பழைய பருத்தி டி-ஷர்ட்டை ஒன்றரைச் சாண் நீளத்தில் பதினைந்து இருபது பட்டைகளாக வெட்டி ஒரு கைப்பிடியில் இறுக்கிக் கட்டுங்கள், காசே செலவில்லை. நுனியில் முடிச்சுப் போடாதீர்கள், பட்டையை நீளமாகவும் விடாதீர்கள், ஏனென்றால் நுனிதான் வேகமாக வரும், இடுப்பைச் சுற்றிக்கொண்டு எலும்பில் போய் விழும்.

எதைச் செய்தாலும் உங்கள் கணவர் முதலில் தன் தொடையிலேயே அடித்துப் பார்க்கட்டும். அடி விழ வேண்டியது பிட்டத்தின் கீழ்ப்பாதிச் சதையும் தொடையின் பின்புற மேல்பகுதியும் மட்டும். இடுப்புக்கு மேலே சிறுநீரகம், தண்டுவடம், வால் எலும்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து, இங்கெல்லாம் கூடவே கூடாது. குடித்துவிட்டு வேண்டாம். ஆஸ்பிரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் பெரிதாகக் கன்றிப்போகும், டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். விளையாட்டோடு கலக்காத ஒரு சொல்லை, ‘புளி’ என்றுகூட, வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்ட நொடியில் அவர் கை நின்றுவிட வேண்டும்.

சத்தத்துக்குப் பயந்தால் கரண்டியை எடுக்காதீர்கள், அது பளாரென்று கேட்கும். டி-ஷர்ட் பட்டையின் சத்தம் மின்விசிறி ஓடினாலே அமுங்கிவிடும்.