மேப்பிள் சிரப் சர்க்கரை நோயாளிக்கு ஆகுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஒரு வாசகி, கீழக்கரை): கனடாவில் வேலை பார்க்கும் மகன் இந்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டில் மேப்பிள் சிரப் கொண்டுவந்தான். சுத்தமானது, மரத்திலிருந்து எடுப்பது, சர்க்கரையே சேர்க்கவில்லை, வாப்பாவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்கிறான். அவன் வாப்பாவுக்கு ரொம்ப வருடமாகச் சுகர், மாத்திரையோடு இன்சுலினும் போடுகிறார். பெருநாள் அன்றுகூடத் தொதல், வட்டிலாப்பம் தொடாத மனிதர் இப்போது தினமும் காலையில் ஆப்பத்தில் இதை ஊற்றி ஆசையாகச் சாப்பிடுகிறார். பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கக் கூடாது, சகோதரி. உங்கள் பயம் நியாயமானது. மகன் பொய் சொல்லவில்லை, வெளியிலிருந்து யாரும் அதில் சர்க்கரை கொட்டவில்லை என்பது உண்மைதான், ஆனால் மேப்பிள் மரத்தின் சாற்றிலேயே இருக்கும் சர்க்கரையைத்தான் தண்ணீர் வற்றும்வரை காய்ச்சிக் கெட்டியாக்கி பாட்டிலில் அடைக்கிறார்கள். 100 கிராம் மேப்பிள் சிரப்பில் 60 கிராம் சர்க்கரை, மீதியில் பெரும்பாலும் தண்ணீர். அந்த 60 கிராமிலும் ஏறக்குறைய எல்லாமே சுக்ரோஸ், அதாவது ரேஷன் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள். மரத்தில் ஊறியதா கரும்பில் ஊறியதா என்று குடல் பார்ப்பதில்லை, இரண்டையும் ஒரே மாதிரிதான் உடைத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது.

கரண்டிக் கணக்கில் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி சிரப் சுமார் 20 கிராம் எடை, அதில் 12 கிராம் சர்க்கரை, 52 கலோரி. ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சீனியிலும் 12 கிராம்தான். எடைக்கு எடை பார்த்தால் சிரப்பில் சர்க்கரை குறைவு என்று சிலர் சொல்வார்கள், அது தண்ணீர் கலந்திருப்பதால் வரும் குறைவு, ஆனால் வீட்டில் யாரும் எடை போட்டு ஊற்றுவதில்லை, கரண்டியால்தான் ஊற்றுகிறோம். ஒரு ஆப்பத்துக்கு இரண்டு கரண்டி என்றாலே 24 கிராம் ஆகிவிடுகிறது. நாள் முழுவதற்கும் இப்படிப்பட்ட சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது, அதுவும் பொதுவாக எல்லோருக்கும் சொன்னது, சுகர் உள்ளவருக்கென்று சொன்னதல்ல. தேன், சிரப் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும்.

கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் எண், அதைப் பற்றியும் மகன் சொல்லியிருக்கலாம். மேப்பிள் சிரப்புக்கு சுமார் 54, வெள்ளைச் சீனிக்கு சுமார் 65. வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 54 என்றால் சர்க்கரை ஏறாது என்று பொருளில்லை, கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அதோடு அது ஊறும் ஆப்பமே பச்சரிசி மாவு, அது தனியாக ஒரு பக்கம் ஏற்றும்.

கனடாவில் லாவால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2024ல் வெளிவந்தது, மேப்பிள் சிரப் நல்லது என்று அதைக் காட்டித்தான் நிறைய பேர் பேசுகிறார்கள். 42 பேரை வைத்துச் செய்தது. தினமும் சாப்பிடும் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேப்பிள் சிரப் கொடுத்தார்கள், ரத்த அழுத்தத்திலும் வயிற்றுக் கொழுப்பிலும் சற்று முன்னேற்றம் தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார்கள். உங்கள் வீட்டில் நடப்பது வேறு, இனிப்பே தொடாமல் இருந்தவருக்குப் புதிதாக ஒரு இனிப்பு சேர்ந்திருக்கிறது. அந்த ஆய்வை வைத்து இவருக்கு நல்லது என்று சொல்ல முடியாது.

சரி, சத்து எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டியில் ஒரு நாளைக்கு வேண்டிய மாங்கனீஸில் கால் பங்கும், ரிபோஃப்ளேவின் என்கிற பி2 வைட்டமினில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்கும். வெள்ளைச் சீனியில் இது கிடையாது. ஆனால் மாங்கனீஸ் குறைந்து நம் ஊரில் யாரும் படுத்ததில்லை, அரிசி, பருப்பு, கேழ்வரகு, குடிக்கும் டீ வரைக்கும் எல்லாவற்றிலும் இருக்கிறது. பி2 வேண்டுமென்றால் முட்டையும் பாலும் போதும். கால்சியம் ஒரு கரண்டிக்கு 20 மில்லிகிராம், ஒரு டம்ளர் பாலில் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் உண்டு, முள்ளோடு சாப்பிடும் நெத்திலியிலும் தாராளமாக உண்டு. இரும்புச்சத்து பெயருக்குத்தான். இந்தச் சத்துக்காக 12 கிராம் சர்க்கரையை விலையாகக் கொடுப்பது அவருக்குக் கட்டுப்படியாகாது.

அவர் ஆசையை ஒரேயடியாக மறுக்க எனக்கும் மனமில்லை. ஆப்பத்துக்குச் சர்க்கரை போடாத தேங்காய்ப்பாலோ முட்டையோ மீன் குழம்போ வையுங்கள். எப்போதாவது மேப்பிள் வாசனை வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன், அதில் 4 கிராம் சர்க்கரை, மேலே வழித்து விட்டால் வாசம் தெரியும். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலேயே மீட்டரில் பாருங்கள், எண் என்ன சொல்கிறது என்று அவரே பார்த்தால் பிறகு நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்காது. இன்னொன்று, இன்சுலின் போடுபவர் என்பதால் சொல்கிறேன், சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து, கை நடுங்கும்போது வேறெதுவும் கையில் இல்லையென்றால் இந்த சிரப்பில் ஒரு மேசைக்கரண்டி கொடுக்கலாம், சீனித் தண்ணீர் செய்யும் வேலையை இதுவும் செய்யும்.

கேள்வி (ஒரு வாசகர், சாயல்குடி): நாங்கள் பரம்பரையாகப் பனையேறிக் கருப்பட்டி காய்ச்சுபவர்கள். மேப்பிள் சிரப் நம் கருப்பட்டியைவிட உசத்தியா? அந்த மரம் இங்கே வளருமா?

பதில்: ஐயா, உசத்தி தாழ்த்தி எதுவும் இல்லை. இரண்டும் மரச் சாற்றைக் காய்ச்சி எடுப்பவை, இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். கருப்பட்டி சுகருக்கு நல்லது என்று சந்தையில் சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை, உங்கள் உழைப்பின் மீது எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேப்பிள் சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான், அதனால் ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்ச வேண்டியிருக்கிறது. பதநீரில் பத்து சதவீதத்துக்கு மேலேயே இனிப்பு இருப்பதால் உங்களுக்கு அவ்வளவு விறகு ஆகாது. பாளை சீவிக் கலயம் கட்டி, புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவும் வேலை அங்கே கிடையாது, அடிமரத்தில் துளை போட்டுக் குழாய் செருகுவார்கள். ஆனால் இரவில் உறைபனி, பகலில் பனி உருகும் வெயில், இப்படி மாறி மாறி வந்தால்தான் சாறு இறங்கும். உலகின் மேப்பிள் சிரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்தே வருவது அந்தக் குளிரால்தான். சாயல்குடியில் அது நடக்காது. இருக்கும் பனையைக் காப்பாற்றுங்கள், சீனி கலக்காத கருப்பட்டிக்கு நல்ல விலை தர ஆள் இருக்கிறார்கள்.

கேள்வி (ஒரு வாசகி, மண்டபம்): கடையில் மேப்பிள் என்று எழுதிய பாட்டில் மலிவாகக் கிடைக்கிறது. அசல்தானா? ஒரு வயதுப் பேரனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: பாட்டிலின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். அசலில் மேப்பிள் சிரப் என்ற ஒரே பெயர்தான் இருக்கும். கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு), கேரமல் நிறம், ஃப்ளேவர் என்று வரிசையாக இருந்தால் அது பான்கேக்குக்கு ஊற்றும் சாதாரண சர்க்கரைப் பாகு. அசலில் நிறம் இளமஞ்சளிலிருந்து கரும்பழுப்புவரை மாறும், கருக்கக் கருக்க ருசி அழுத்தமாக இருக்கும், சர்க்கரை அளவு மாறாது.

பேரனுக்கு வேண்டாம். இரண்டு வயதுவரை சீனி, சிரப், வெல்லம் எதுவும் சேர்க்காமல் இருப்பதுதான் நல்லது. வாழைப்பழம் மசித்துக் கொடுங்கள், அந்த இனிப்பு அவனுக்குப் போதும்.

பாட்டிலைத் திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள், நம் கடற்கரைப் புழுக்கத்தில் வெளியே விட்டால் மேலே பூஞ்சை படரும், படர்ந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடியில் கற்கண்டு போலப் படிந்தால் அது கெட்டதல்ல, சர்க்கரை உறைந்தது, வெந்நீரில் பாட்டிலைச் சற்று நேரம் வைத்தால் கரைந்துவிடும்.