ரூக்கி கையெழுத்துப் போடவில்லை என்றால் சீசன் போச்சா?

கேள்வி: வட கரோலினாவில் ஐடி வேலையில் இருக்கிறேன். அலுவலக நண்பர்களோடு சேர்ந்து என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பார்க்கப் போய், இப்போது அவர்களைவிட எனக்குத்தான் பைத்தியம் அதிகம். நான் ஆதரிக்கும் அணி இந்த ஆண்டு டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் சுற்றில் எடுத்த ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) இன்னும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. பயிற்சி முகாம் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. "நம்ம சீசன் முடிஞ்சுது" என்று நண்பர்கள் புலம்புகிறார்கள். உண்மையிலேயே இவர் வருஷம் முழுக்க வெளியே உட்கார்ந்துவிடுவாரா? அணிக்கு எவ்வளவு அடி? மாதக் கடைசியில் எங்கள் ஆபீஸ் ஃபேன்டஸி லீக் (நிஜ வீரர்களை வைத்து நாங்களே அணி கட்டிப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) டிராஃப்ட்டும் இருக்கிறது. இவரை எடுக்கலாமா?

பதில்: மூன்றுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்க உட்கார மாட்டார்; பெரும்பாலும் முதல் ஆட்டத்துக்கு முன்பே கையெழுத்து விழுந்துவிடும். அணியின் வெற்றி தோல்விக் கணக்கில் இது உங்கள் நண்பர்கள் நினைக்கும் அளவுக்கு ஏறாது. ஃபேன்டஸியில் எடுக்கலாம், ஆனால் கடைசிச் சுற்றுகளில்.

ஹோல்ட்அவுட் (ஒப்பந்தச் சண்டையில் முகாமுக்கு வராமல் நிற்பது) என்றதும் "இன்னும் பணம் கேட்கிறான்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். மூத்த வீரர்கள் விஷயத்தில் அது சரி. ரூக்கிகளுக்கு, அதாவது முதலாண்டு வீரர்களுக்கு, அந்தக் காலம் 2011-லேயே முடிந்துவிட்டது. 2010-ல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் பேசினார்கள். அதில் 5 கோடி உத்தரவாதம். என்எஃப்எல்லில் ஒரு பந்தைக்கூட எறியாத பையனுக்கு! மறு ஆண்டு லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட புதிய உடன்படிக்கையில் ரூக்கி சம்பளத்துக்கு வரையறை வந்தது. அதே முதல் இடத்தில் 2011-ல் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்று தெரிந்தாலே இன்று மொத்தத் தொகையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஒப்பந்தக் காலமும் நான்கு ஆண்டு, அதில் பேரம் இல்லை. முதல் சுற்று ஆட்களுக்கு ஐந்தாவது ஆண்டுக்கும் நீட்டிக்கும் உரிமை அணியின் கையில்.

தொகை முடிவாகிவிட்ட பிறகு எதற்குச் சண்டை? நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மண்டப வாடகை யார் தலையில் என்று இழுபறி நடக்குமே, அந்த ரகம்தான். மூன்று ஷரத்துகளைச் சுற்றியே வரும்.

முதலாவது ஆஃப்செட். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: நான்காவது ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் உத்தரவாதம், ஆனால் மூன்றாவது ஆண்டோடு அணி அவரைக் கழற்றிவிடுகிறது. வேறு அணி 10 லட்சத்துக்கு அவரை எடுத்துக்கொள்கிறது. ஆஃப்செட் இருந்தால் பழைய அணி 50 லட்சம் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் முழு 60 லட்சமும் கொடுக்க வேண்டும். வீரருக்கு மொத்தம் 70. இரண்டாவது, சைனிங் போனஸ் எப்போது கைக்கு வரும் என்பது. கையெழுத்துப் போட்ட ஆண்டிலேயே முழுதாக வருமா, பாதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார்களா? மூன்றாவது, எந்தத் தவறு செய்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்ற வாசகம். ஓர் ஆட்டத்துக்குத் தடை வாங்கினாலே மிச்ச ஆண்டுகளின் உத்தரவாதமும் போய்விடுமா என்பதெல்லாம் இதில்தான் வரும். உங்கள் ரிசீவர் எதற்காக மல்லுக்கட்டுகிறார் என்று தெரிந்தால் எப்போது முடியும் என்றும் ஓரளவு ஊகிக்கலாம். போனஸ் தேதி என்றால் சீக்கிரம் தீரும், நடுவில் எங்காவது சந்தித்துவிடலாம். ரத்து வாசகம் என்றால் இழுக்கும். அணிகள் அதை "எங்கள் எல்லா ஒப்பந்தத்திலும் இப்படித்தான்" என்று கௌரவப் பிரச்சினையாக்கிவிடும்.

ஒப்பந்தத்தில் இருக்கும் மூத்த வீரர் முகாமுக்கு வராவிட்டால் இப்போதைய விதிப்படி நாளொன்றுக்கு 50,000 டாலர் அபராதம். ரூக்கி இன்னும் கையெழுத்தே போடவில்லையே, அபராதம் எதன் மேல் போடுவது? சம்பளமும் சீசன் தொடங்கிய பிறகு வாராவாரம் வருவதுதான். எனவே ஆகஸ்டில் வீட்டில் இருப்பதால் அவர் பையிலிருந்து ஒன்றும் பெரிதாகப் போவதில்லை. செப்டம்பர் வந்தால் நிலைமை தலைகீழ். சீசனின் பத்தாவது வாரம் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்து விழவில்லையென்றால் அந்த ஆண்டு ஆடவே முடியாது. அடுத்த ஆண்டு திரும்ப டிராஃப்ட்டுக்குத்தான் போக வேண்டும். இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் ஆயுசுக்கான பணம் இருக்கிறது, ஒரு வருஷம் சும்மா இருந்தால் அதுவும் ஒரு வருஷம் தள்ளிப் போகும். எந்த ஏஜென்ட்டும் இதை மறக்க மாட்டார்.

நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய முன்கதை 2016-ல் ஜோயி போசாவினுடையது. ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக டிஃபென்ஸிவ் எண்டு (எதிரணியின் பந்தெறிபவரைத் துரத்தும் தற்காப்பு வீரர்). அப்போது சான் டியாகோவில் இருந்த சார்ஜர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. அணி ஆஃப்செட்டும் வேண்டும் என்றது, போனஸில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டு தருவோம் என்றும் சொன்னது. மற்ற அணிகள் இரண்டில் ஒன்றைத்தான் கேட்கின்றன, எங்களிடம் மட்டும் ஏன் இரண்டும் என்பது போசா தரப்பு வாதம். ஜூலைக் கடைசியில் முகாம் தொடங்கியது, ஆகஸ்டு முழுக்க ஆளைக் காணோம். அவருடைய அம்மா ஃபேஸ்புக்கில், 2004-ல் எலை மேனிங் செய்ததுபோல டிராஃப்ட் அன்றே மறுத்திருக்கலாம் என்ற பொருளில் எழுதினார். மேனிங்கும் இதே சார்ஜர்ஸுக்கு ஆட மாட்டேன் என்று சொல்லி நியூயார்க் போனவர், ஆகவே அந்த வரி ஊரில் நன்றாகவே சுட்டது. ஆகஸ்டு 24 அன்று அணி பகிரங்க அறிக்கை விட்டது: கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறுகிறோம், முகாம் போய்விட்டது, இனி அவர் முழு சீசனுக்கும் பங்களிக்க முடியாது.

அறிக்கையைப் படித்த ரசிகர்கள் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். ஐந்தே நாளில், ஆகஸ்டு 29 அன்று, கையெழுத்து விழுந்தது. மொத்தம் சுமார் 2.58 கோடி டாலர், முழுக்க உத்தரவாதம், அதில் போனஸ் மட்டும் 1.7 கோடி. ஆஃப்செட் அணி கேட்டபடியே இருந்தது, போனஸ் பணம் கூடுதலாக முன்கூட்டி வந்தது என்பதுதான் அப்போது வெளியான செய்தி. ஆளுக்கொரு படி இறங்கினார்கள். ஜூலையிலேயே இறங்கியிருக்கலாம் என்பது என் கட்சி. அந்த நவம்பரில் புதிய மைதானத்துக்கு வரிப்பணம் கேட்டு சான் டியாகோ மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போகவிருந்த அணி, ஊரின் புதுப்பிள்ளையோடு ஒரு மாதம் தெருச்சண்டை போட்டதை என்னவென்று சொல்வது? (வாக்கெடுப்பில் தோற்று, 2017 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டியது தனிக்கதை.)

இழப்பு கையெழுத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வந்த சூட்டோடு போசாவுக்கு ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை, பிடித்துக்கொண்டது. முதல் நான்கு ஆட்டம் போச்சு. அக்டோபர் 9 அன்று ஓக்லாந்தில் முதன்முதலாக இறங்கி அன்றே இரண்டு சாக் (பந்தெறிபவரை எறியும் முன்பே வீழ்த்துவது). பன்னிரண்டு ஆட்டத்தில் 10.5 சாக் எடுத்து, அந்த ஆண்டின் சிறந்த தற்காப்பு ரூக்கி விருதையும் வாங்கினார்.

2018-ல் சிகாகோ பேர்ஸின் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரர்) ரோக்வான் ஸ்மித்துக்கும் இதே வழக்கு. எட்டாவதாக எடுக்கப்பட்டவர். தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் மோதக் கூடாது என்ற புதுவிதி அந்த ஆண்டுதான் வந்திருந்தது. அந்த விதியில் தடை வாங்கினால் உத்தரவாதத்தில் கைவைக்கக் கூடாது என்று அவர் தரப்பு கேட்டது. ஆகஸ்டு 14 அன்று முடிந்தது. வந்ததும் அவருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் இறுக்கம்! ஆயத்த ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. ஆனால் கிரீன் பேக்கு எதிரான சீசனின் முதல் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து இறங்கி, தன் முதல் பிளேயிலேயே சாக் எடுத்தார். தனியாக எவ்வளவு ஓடினாலும், பாதுகாப்புக் கவசம் கட்டிக்கொண்டு எதிராளியின் அசைவுக்கு ஏற்பச் சட்டென நின்று திரும்பும் வேகம் மைதானத்துக்கு வெளியே கிடைப்பதில்லை. அந்தச் சுமை ஒரே வாரத்தில் ஏறினால் முதலில் முறைப்பது பின்தொடைதான். ரிசீவருக்கு இது இன்னும் பொருந்தும், அவர் பிழைப்பே ஓட்டம்.

இனி அணியின் கதி. சார்ஜர்ஸ் போசா இல்லாமல் ஆடிய நான்கில் ஒன்றை வென்றது. அவர் ஆடிய பன்னிரண்டில் நான்கு. மொத்தம் 5-11, அதாவது ஐந்து வெற்றி, பதினொரு தோல்வி. முதல் ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 24-3 என்று முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். அதே ஆட்டத்தில் கீனன் ஆலன், அடுத்ததில் டேனி வுட்ஹெட் என்று இரண்டு முக்கிய வீரர்கள் முழங்கால் கிழிந்து சீசனை விட்டே போனார்கள். அந்த ஆண்டு நாசமானதற்குப் போசாவின் ஆகஸ்டைக் காரணம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேர்ஸ் அதற்கு நேர்மாறு: ஸ்மித் முகாமைத் தவறவிட்ட அதே ஆண்டு 12-4. செப்டம்பர் 1 அன்று மூத்த தற்காப்பு வீரர் கலீல் மேக்கை வாங்கியதுதான் பெரிய திருப்பம். மேக்கும் ஓக்லாந்து ரெய்டர்ஸோடு சம்பளச் சண்டையில் வெளியே இருந்தவர்தான். ரூக்கியின் ஹோல்ட்அவுட்டையும் மூத்த வீரரின் ஹோல்ட்அவுட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மேக் போன ரெய்டர்ஸ் 4-12.

உங்கள் ஆள் ரிசீவர் என்பதால் மைக்கேல் கிராப்ட்ரீயையும் பாருங்கள். 2009, பழைய சம்பள முறைக் காலம். சான் ஃபிரான்சிஸ்கோ பத்தாவதாக எடுத்தது. ஏழாவதாகப் போன ரிசீவரைவிடத் தனக்கு மதிப்பு அதிகம் என்று பிடிவாதமாக இருந்து, அக்டோபரில்தான் கையெழுத்துப் போட்டார். அவர் இல்லாமல் அணி 3-2. அவர் இறங்கிய பிறகு 5-6. அவரால்தான் தோற்றது என்று சொல்லவில்லை. ஒரு புது ரிசீவர் அந்த ஆண்டே அணியைத் தூக்கி நிறுத்துவது அபூர்வம் என்கிறேன். ஆனால் அவர் ஆட்டத்தில் குறை இல்லை: பதினொரு ஆட்டத்தில் 48 கேட்ச், 625 யார்டு.

குவார்ட்டர்பேக் (பந்தெறிபவர்) என்றால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். 2007-ல் ஜமார்கஸ் ரஸல் முகாம் முழுவதையும் விட்டு, சீசன் தொடங்கிய பிறகு ரெய்டர்ஸில் சேர்ந்தார். அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய பிளேபுக்கைக் கையில் வாங்கவே செப்டம்பர். 2010-ல் அணி அவரைக் கைகழுவியது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்தத் தொடக்கம் உதவவில்லை. வருஷம் முழுக்க உட்கார்ந்தவர்களும் இல்லாமல் இல்லை. 1987-ல் கெல்லி ஸ்டௌஃபர் கார்டினல்ஸுக்கு ஆடாமலே இருந்து, மறு ஆண்டு சியாட்டிலுக்குக் கைமாறினார். 1986-ல் டாம்பா பேயை உதறிய போ ஜாக்சனுக்குப் பேஸ்பால் என்ற மறுவாசல் இருந்தது. உங்கள் ரிசீவருக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதாகத் தெரியவில்லை.

இதே சிக்கல் இப்போது இரண்டாம் சுற்றுக்கும் இறங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2025-ல் ஹூஸ்டன் தன் இரண்டாம் சுற்று ரிசீவர் ஜேடன் ஹிக்கின்ஸுக்கு நான்கு ஆண்டையும் முழு உத்தரவாதமாகக் கொடுத்தது. அந்தச் சுற்றில் அதற்கு முன் யாரும் கொடுத்ததில்லை. கிளீவ்லாந்தும் அப்படியே செய்ய, மிச்ச 30 பேரும் "எங்களுக்கும்" என்று ஜூலை நடுப்பகுதிவரை கையெழுத்துப் போடாமல் நின்றார்கள். பிறகு முகாம் திறக்கும் தேதி நெருங்க நெருங்க ஒவ்வொருவராக இறங்கினார்கள். தேதிதான் இவர்களை மேசைக்கு இழுக்கிறது.

உங்கள் ஃபேன்டஸி டிராஃப்ட்டுக்கு வருவோம். அன்றைக்குள் அவர் கையெழுத்துப் போட்டு இரண்டு வாரப் பயிற்சி முடித்திருந்தால், முகாமுக்கு ஒழுங்காக வந்த ரூக்கியாகவே நினைத்து, ஒன்றிரண்டு சுற்று மட்டும் தள்ளி எடுங்கள். அன்றும் கையெழுத்து விழவில்லையென்றால் கடைசி இரண்டு சுற்றில், அதுவும் பெஞ்சில் இடம் தாராளமாக இருக்கும் லீகாக இருந்தால் மட்டும். செப்டம்பரில் அவரிடம் புள்ளி எதிர்பார்க்காதீர்கள். இவருடைய மதிப்பு அக்டோபருக்குப் பிறகு. அணி ஏதாவது காரசாரமான அறிக்கை விட்டு, உங்கள் நண்பர்களில் எவராவது பதறிப்போய் அவரைக் கழற்றிவிட்டால், அது வாங்கிப்போடும் நேரம்.

கையெழுத்துச் செய்தி வந்த பிறகு பேட்டிகளையெல்லாம் விடுங்கள். ஞாயிறு ஆட்டத்துக்கு முன் அணிகள் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காயப் பட்டியல் வெளியிட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஹாம்ஸ்ட்ரிங் என்று இருந்தால் அந்த வாரம் வேறு ஆளைப் போடுங்கள்.